கேமராவுக்குத் தெரியாத நீலம்

ஈப்போ பழைய டவுனில், முன்பு துணிக்கடையாக இருந்த ஒரு மாடியில், போன மாதம் இளம்பிள்ளைகள் சிலர் சேர்ந்து காமிக்ஸ் சந்தை நடத்தினார்கள். நான் மழைக்கு ஒதுங்க மாடியேறியவள். கலையார்வத்தில் ஏறினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, என்னை உங்களுக்குத் தெரியும். சுவரோரம் ஒரு பலகை. 'உங்களுக்குப் பிடித்த பெண் காமிக்ஸ் படைப்பாளி யார்? எழுதி ஒட்டுங்கள்.' மஞ்சள் தாள்களில் ஜப்பான்காரப் பெயர்கள், பிரெஞ்சுப் பெயர்கள், எந்த நாடென்று எனக்குத் தெரியாத பெயர்கள். மேசைக்குப் பின்னால் மூக்குத்தி போட்ட ஒரு பெண், விரல் நுனியெல்லாம் மை.

"ஆன்ட்டி, நீங்களும் எழுதுங்கலா. யாரா இருந்தாலும் ஓகே."

என்று ஒரு பென்சிலை நீட்டினாள். வெளிர்நீலப் பென்சில்.

வாங்கியவள் எழுதவில்லை, முகர்ந்து பார்த்தேன். அவள் மிரண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு இரண்டு பெயர்களை எழுதினேன். பிலோமினா. உமையாள். "இவங்க படத்த எங்க ஆன்ட்டி பாக்கலாம்?" என்று கேட்டாள். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். மழை விடும் முன்பே இறங்கி வந்துவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த நீலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கணினி வருவதற்கு முன்னால் அச்சகத்தில் பெரிய கேமரா ஒன்று இருக்கும், ஆளுயரத்துக்கு. அதில் படம்பிடித்துத்தான் தகடு எடுப்பார்கள். அந்தக் கேமராவுக்கு வெளிர்நீலம் தெரியாது. கறுப்பு தெரியும், சிவப்பும் கறுப்பாகத் தெரியும், வெளிர்நீலம் மட்டும் வெறும் வெள்ளை. அதனால் படம் போடுகிறவர்கள் அளவுக் கோடு, குறிப்பு எல்லாவற்றையும் அந்தப் பென்சிலால் எழுதிவிட்டு அழிக்காமலே விட்டுவிடலாம். அச்சில் வராது. கண்ணுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது. அப்படி ஒரு இடம் உலகத்தில் இருந்தால் பெண்கள் அதில் என்ன எழுதுவார்கள்?

ஈப்போவில் ஒரு சிறுவர் பத்திரிகை, மாதம் இருமுறை வரும். என் முதல் வேலை அங்கே. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் ஆசிரியர், என் கட்டுரையெல்லாம் படித்துவிட்டு, "உனக்கு வார்த்தை நிக்காம வருது, காமிக்ஸ் எழுது, கொஞ்சமாச்சும் அடங்குவ" என்றார். நான் அடங்கவில்லை. எழுதிய கதையின் பெயர் 'டிராக்டர் செல்வி'. ரப்பர் தோட்டத்தில் பால் ஏற்றும் டிராக்டரை ஓட்டுகிற ஒரு பெண், போகிற வழியில் அவளுக்கு வரும் வம்புகள். இரண்டு பக்கம். படம் பிலோமினா அக்கா. பேச்சுக் குமிழிகளில் எழுத்து உமையாள் ஆச்சி.

பிலோமினா அக்கா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், மரப்பட்டையைச் சீவி ரப்பர்ப்பால் இறக்குகிற வேலை. காலையில் மரம், மதியத்துக்குமேல் படம். அவர் அனுப்பும் தாளைப் பிரித்தால் ஒட்டுப்பாலின் புளித்த வாடை அறை முழுக்க ஏறும். ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொள்வார். எனக்கு அந்த வாடை பிடித்துப்போனது. இன்றும் டயர் கடையைக் கடக்கும்போது யாரோ எனக்குப் படம் அனுப்பியிருப்பதுபோல் கால் ஒரு நொடி நின்றுவிடுகிறது.

அவர் முதுகுகளை வரைவார். அது அவருடைய தனி வித்தை. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாகக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு முன்னால் போகிறவரின் முதுகுதானே தெரியும்? யார் எப்படி வாளியைத் தூக்குவார், யாருடைய இடுப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் அக்காவின் கைக்குள் இருந்தது. முகம் காட்டாமல் ஒரு ஆளை அழவைக்க அவரால் முடியும். பிள்ளைகளிடமிருந்து பத்திரிகைக்குக் கடிதம் வரும், 'மூணாவது கட்டத்துல போறது எங்க அம்மாதானே?' என்று. ஊர் ஊராக வரும். எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அது அம்மாவின் முதுகுதான்.

உமையாள் ஆச்சி வேறு திசை. செட்டிநாட்டுக் குடும்பம், ஈப்போவில் அண்ணனுக்குக் கடை. கல்யாணம் தட்டிப்போய் அண்ணன் வீட்டில் இருந்தார். வெளியே வேலைக்கு விடமாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுத்து எழுதலாம், அது கோலம் மாதிரி என்று அண்ணன் விட்டுவிட்டார். அது கோலமில்லை என்று அவருக்குச் சொல்ல நாங்கள் யாரும் மெனக்கெடவில்லை. ஆச்சி எழுதினால் ரகசியம் பேசுகிற எழுத்து மெலிந்துபோகும், கத்துகிற எழுத்துக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். தகரக் கூரையில் மழை என்றால் 'தடதட' என்று ஒரு கட்டத்தில் தொடங்கி கட்டத்துக் கோட்டைத் தாண்டி அடுத்ததற்குள் ஒழுகும். என் வசனங்களைக் கேட்காமலே வெட்டுவார்.

"இந்தப் புள்ள பேச்சு எழுதச் சொன்னா சரித்திரம் எழுதுது. குமிழிக்குள்ள செல்வி பேசணுமா, செல்விக்குள்ள குமிழி பேசணுமா?"

நான் முறைப்பேன். வெட்டியதைப் படித்தால் நன்றாகத்தான் இருக்கும், அதற்காக இன்னும் கொஞ்சம் முறைப்பேன்.

வேலை நடக்கும் முறை இதுதான். அக்கா முதலில் பென்சிலில் போட்டு அனுப்புவார். ஆச்சி அதில் எழுத்தை எழுதுவார். தாள் மறுபடி தோட்டத்துக்குப் போய், படத்துக்கு மை ஏறித் திரும்பி வரும். கடைசியாக ஆச்சி ஒரு பார்வை பார்க்காமல் கேமராவுக்குப் போகாது. ஒரே தாள் போய்ப் போய் வரும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அக்கா வீட்டில் தொலைபேசியும் கிடையாது. பேச்செல்லாம் நீலத்தில்தான். முதலில் தாளின் ஓரத்தில் எழுதினார்கள். ஓரம் போதாமல் வானத்தில் ஏறிவிட்டார்கள். அக்கா வானத்தைத் தாராளமாக விட்டு வரைகிறவர்.

'ஆச்சி, உங்க எழுத்து என் மரத்த மறைக்குது.'

'மரத்தக் கொஞ்சம் தள்ளி நடுங்க அக்கா. எழுத்தத் தள்ளி நட முடியாது.'

'டிராக்டர் எப்படிக் கத்தும்? நான் கேட்டதில்ல.'

'ஏத்தத்துல டுபு... டுபு... டுபு. எறக்கத்துல மூச்சு விடாது, டுபுடுபுடுபு. கிராணி ஏறி உக்காந்தா சத்தமே வராது.'

ஆச்சி அதை அப்படியே எழுதினார். கணக்கெழுதுகிற கிராணி ஏறிய கட்டத்தில் டிராக்டருக்குச் சத்தமே இல்லை. தோட்டம் தோட்டமாகச் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியருக்குக் கடைசிவரை புரியவில்லை.

இப்போது அருள் அண்ணன். பிலோமினா அக்காவின் கணவர், லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், நன்றாகப் பேசுவார், தலைமுடியை வாரி வாரியே சீப்பைத் தேய்ப்பவர். ஈப்போவுக்குச் சரக்கு ஏற்றி வரும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றிய படக்கட்டைக் கொண்டுவந்து கொடுப்பது அவர்தான். முதல் தடவை கொண்டுவந்தபோது ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகுலுக்கினார், "பிரமாதம், உங்க பேரு?" அண்ணன் பெயரைச் சொன்னார். கேட்டது தன் பெயரைத்தானே? 'ஓவியம்: அருள்' என்று வந்துவிட்டது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்ததாக அண்ணனே என்னிடம் சொன்னார். மாற்றவில்லை. நான் மாற்றப் போனபோது ஆசிரியர், "பேரு பழகிருச்சும்மா, சண்டைக் காட்சியெல்லாம் பொம்பள போட்டான்னா நம்பமாட்டாங்க" என்றார். அண்ணனுக்கும் மெல்ல மெல்ல அது பழகிவிட்டது. தோட்டத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பிள்ளைகள் நோட்டை நீட்டிச் செல்வியை வரையச் சொன்னால், "கைவலிலா தம்பி, டாக்டர் வேணான்னுட்டாரு" என்பார். அக்கா கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டுவார்.

அதன்பிறகு வந்த தாளில், முதல் கட்டத்து வானத்தில், அக்காவின் பொடி எழுத்து: 'ஆச்சி, ஒரு தடவ என் பேர எழுதிக் காட்டுங்க. எப்படி இருக்கும்னு பாக்கணும்.'

ஆச்சி வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நீலத்தில், பெரிய எழுத்தில் எழுதினார். பிலோமினா. அந்தப் 'பி'யின் மேல்வளைவை நான் எப்படிச் சொல்ல? குடை விரிந்த மாதிரி. அன்றிலிருந்து ஒவ்வொரு இதழின் முதல் வானத்திலும் அந்தப் பெயர் இருந்தது. கேமரா ஒருநாளும் பார்க்கவில்லை. அச்சாகி வந்த இதழைப் பிரித்துவைத்துக்கொண்டு அந்த வெற்று வானத்தை நாங்கள் மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம் என்று நினைக்கிறேன். எனக்கு அங்கே எழுத்து தெரியும்.

பிறகு ஒருநாள் அக்கா நேராகவே கேட்டார். வேறொன்றும் வேண்டாம், ஒரே ஒரு இதழில், கறுப்பில். நானும் ஆச்சியும் ஆசிரியரைப் பிடித்து உலுக்கியதில், "சரி, தீபாவளி மலர்ல போடலாம்" என்று இறங்கி வந்தார். அக்காவுக்குச் சொல்லியனுப்பியபோது திரும்பி வந்த தாளில் ஒரே வார்த்தை: 'நெசமாவா?'

மலருக்கு முந்தைய இதழ் அது. அச்சகத்தில் கேமராவை ஓரங்கட்டிவிட்டு ஸ்கேனர் என்று ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். பண்டிகைக் கால அவசரம். பக்கங்களை வாங்கினார்கள், போட்டார்கள், அடித்தார்கள், கட்டினார்கள், பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த இயந்திரத்துக்கு நீலம் தெரியும். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இதழ் கைக்கு வந்தபோது முதல் வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பிலோமினா. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது எவ்வளவு அழகாக இருந்தது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அடுத்த கட்டத்து வானத்தில், ஆச்சியின் எழுத்து, அதுவும் அச்சாகியிருந்தது:

'உங்க வீட்டுக்காரர் ஆபீசுக்கு வந்து என் படம் எப்படின்னு கேட்டாராம். பென்சில எந்தப் பக்கம் புடிக்கணும்னு சொல்லிக் குடுத்து அனுப்புங்க அக்கா.'

கீழே அக்காவின் பதில்: 'சீப்ப மட்டும் சரியாப் புடிப்பாரு.'

அருள் அண்ணன் அந்தக் கட்டை ஒருநாளும் பிரித்துப் பார்த்தவரில்லை. அச்சில் வந்தால்தான் அவருக்குப் படம். அச்சில் வந்துவிட்டது.

அச்சகத்துக்காரரிடம் போய்க் கத்தினேன். அவர் பாவம், நெற்றியைச் சொறிந்தார். "புது ஸ்டைலுன்னு நெனச்சோம்லா. வானத்துல எழுதறது."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள், "அண்ணே, பென்சில் எந்தப் பக்கம்? அண்ணே, சீப்பு எந்தப் பக்கம்?" என்று. உள்ளே அக்கா மட்டும் இருந்தார். வேலைக்குப் போகிற சட்டையைக்கூட மாற்றவில்லை. இதழ் மேசைமேல் விரித்தபடி இருந்தது.

"கடையில வாங்குனேன் புள்ள. கடையிலயே நின்னு பாத்தேன். எம் பேரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, கடக்காரரு என்னாங்கறாரு. அப்புறந்தான் அடுத்த கட்டத்தப் படிச்சேன்."

"அண்ணன் திட்டினாரா?"

"திட்டுனா நானும் திட்டியிருப்பேன்லா. எனக்கென்ன வாயில்லையா? லாரி சாவிய ஆணியில மாட்டுனாரு. புக்கப் பாத்தாரு. 'பேரு நல்லாத்தான் இருக்கு'ன்னாரு. செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாரு."

சொல்லிவிட்டு, அந்த முதுகு இன்னும் அங்கேயே இருப்பதுபோல் சுவரைப் பார்த்தார் அக்கா.

"அக்கா, மலருக்கு வாத்தியார் ஒத்துக்கிட்டாருக்கா. கறுப்புல. ஆச்சி எழுதியே வச்சுட்டாங்க. நீங்க படம் மட்டும்..."

"வேணாம்மா."

"இத்தனை நாள் கேட்டது நீங்கதானே?"

"கேட்டேன். பேரு வரணும்னு கேட்டேன். அந்த மனுசன் தெருவுல நடக்கமுடியாமப் போகணும்னு கேக்கல. ஜொகூர் பக்கம் லாரி வேல இருக்காம், போலாங்குறாரு. நானும் போறேன்." மேசையிலிருந்த நீலப் பென்சிலை எடுத்து என் கையில் வைத்தார். "அவரு மொகத்த மனசுல வச்சுக்கிட்டு இனி என்னால கோடு போட முடியாது புள்ள."

ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். அண்ணியார் அடுப்படியில் இருந்ததால் சத்தமில்லாமல் அழுதார். நீங்கள் ஒருதடவை பஸ் ஏறி வாருங்கள் ஆச்சி, நான் கூட்டிப்போகிறேன் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அவுக என்னயப் பாத்ததில்ல. பாக்குற மொதத் தடவயே மன்னிப்புக் கேட்டுக்கிட்டா நிக்கிறது? தாள் வரட்டும். தாள்ல எழுதுறேன்."

தாள் வரவில்லை. அவர்களுக்கு இடையில் இருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். ஆர்ட் தாள் துண்டில், கறுப்பு மையில் ஆச்சி எழுதிவைத்திருந்த 'ஓவியம்: பிலோமினா' ஒட்டுவதற்குப் படமில்லாமல் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. மலரில் செல்வியின் இரண்டு பக்கத்துக்குப் பதிலாகப் பட்டாசுப் பாதுகாப்புக் குறிப்புகள் வந்தன. அதற்குப்பின் பத்திரிகை அதிக நாள் நிற்கவில்லை. ஆச்சியை அவருடைய அண்ணன் குடும்பத்தோடு காரைக்குடிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆச்சி இறந்துபோன செய்தி வந்து சேரவே வெகுநாள் ஆனது.

நான் பிறகு வார்த்தை நிற்காத தொழில்கள் பலவற்றைப் பார்த்துவிட்டு, வார்த்தையைக் குறைத்து எழுதுகிறவள் என்று பெயரெடுத்தேன். பாராட்டுகிறவர்களிடம், வெட்டியது நானில்லை என்று சொல்லத் தோன்றும். யாரென்று கேட்பார்களே என்று விட்டுவிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜெலாப்பாங்கில் என் வீட்டு வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். தலையில் முடி இல்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை. "தங்கச்சி, அருள்லா. பிலோமினா போயிட்டா" என்றார். ஊரிலேயே புதைக்க வேண்டும் என்று கேட்டாளாம், ஜொகூரிலிருந்து கொண்டுவந்து சுங்கை சிப்புட்டில் அடக்கம் செய்திருக்கிறார். தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அங்க போயி அவ ஒரு கோடு போடல. நானும் போடுன்னு சொல்லல. சொல்லியிருக்கலாம். பேத்தி கலர் பென்சிலத் தூக்கிட்டு வந்து பாட்டி, பூ போடுங்கும். கைவலின்னுருவா. நான் சொல்ற மாதிரியே சொல்லுவா தங்கச்சி, டாக்டர் வேணான்னுட்டாருன்னு." வெறுந்தலையைத் தடவிக்கொண்டார். "கல்லுல அவ போட்ட படம் ஒண்ணு போடணும். கீழ அவ பேரு. கல்லுக்காரன்கிட்ட சொல்லிட்டேன். படம் உங்கிட்ட இருக்கும்லா?"

என்னிடம் இருந்த இதழ்க் கட்டைக் கறையான் தின்று பல காலமாகிவிட்டது. அக்காவின் கைபட்ட தாள்கள், நீலமும் வானமுமாக, ஆசிரியர் வீட்டில்தான் இருந்தன. அவர் காலத்துக்குப் பிறகு மகன் பழைய பேப்பர் லாரிக்குப் போட்டுவிட்டார். நூலகங்களில் கேட்டேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களின் கைப்பேசிப் புலனக் குழுக்களில் எல்லாம் போட்டேன். 'ஐயோ டிராக்டர் செல்வி!' என்று நூறு பேர் துள்ளினார்கள், சிரிப்புப் பொம்மையும் அழுகைப் பொம்மையும் அனுப்பினார்கள். இதழ் ஒருவரிடமும் இல்லை.

லூமுட்டிலிருந்து ஒருவர் மட்டும், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு பெட்டி நிறைய வைத்திருப்பதாகச் சொன்னார். அருள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். உண்மைதான், பெட்டி நிறைய இருந்தது. ஒவ்வொரு இதழாகப் பிரித்தோம். விடுகதை இருந்தது, பொது அறிவு இருந்தது, ஆசிரியரின் அறிவுரை இருந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு தாள் மட்டும் இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது.

அவருக்கு முகம் கறுத்துப்போனது. "லயத்துச் செவுத்துல ஒட்டுனேன்க்கா. எல்லாப் பசங்களும் ஒட்டுவோம். அம்மா பால் வெட்டப் போனப்புறம் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்." அந்த லயத்தை இடித்து, அந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்து, அந்த வீடுகளுக்கே இப்போது பழைய வீடுகள் என்று பெயர். அண்ணன் அவர் தோளைத் தட்டி, "பரவால்ல தம்பி, நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

காரில் திரும்பும்போது அண்ணனிடம், நான் ஞாபகத்திலிருந்து வரையட்டுமா, இப்போதுள்ள பிள்ளைகளில் யாரையாவது வைத்து வரையச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். "இன்னொருத்தங்க போட்ட படத்துக்குக் கீழ அவ பேரா? வேணாம்லா."

கல் படுக்கைவாட்டுக் கல். பெயரை நன்றாகத்தான் கொத்தியிருக்கிறார்கள். ஆச்சி எழுதியதுபோல இல்லை, இருக்க முடியாது, ஆனால் ஆழமாக, கறுப்பு ஏற்றி. பெயருக்கு மேலே, படத்துக்கென்று, கல்லுக்காரர் அரை அங்குல ஆழத்தில் ஒரு கட்டம் குடைந்துவிட்டிருந்தார். அதை மூடச் சொல்லவில்லை அண்ணன். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, தோளிலிருக்கும் துண்டை எடுத்து, மெல்லக் குனிந்து, நான்கு மூலையும் ஈரமில்லாமல் அவர் அதைத் துடைத்துவிடுகிறார்.